உச்சியில் நிற்பவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை

எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுவது சர்க்கஸில் நாங்கள் கட்டும் மனிதக் கோபுரம். வயதில் சின்னவனானாலும் எடையில் பெரியவன் என்பதால் அடியில் நான். என் தோளில் அண்ணன், அவர் தோளில் அண்ணி, உச்சியில் அவர்கள் மகள் குண்டூசி. பதின்மூன்று வயதுக்காரி, பார்த்தால் ஒன்பதுதான் சொல்வீர்கள். அந்தக் குள்ளம்தான் அவளை உச்சியில் வைத்திருந்தது. ஆனால் அண்ணிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்ததால் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

வளர்ச்சி ஹார்மோன் போதுமா என்று பார்க்க வேண்டும், குறைந்தால் தினமும் ஊசி என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டால் வளர்ந்துவிடுவாள், உச்சி போய்விடும். உச்சியை விட்டுக்கொடுக்கக் குண்டூசிக்கு மனசில்லை. ஆனாலும் கேள்வி கேட்காமல் இருந்தால் அவளுக்குத் தலை வெடித்துவிடுமே.

"அந்த ஹார்மோன் எங்கேருந்து வருது?"

"மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கும்மா. மூளை 'விடு'ன்னு சேதி அனுப்பினா அது விடும். 'போதும்'னு அனுப்பினா நிறுத்திக்கும்."

"எப்ப விடச் சொல்லும்?"

"நல்லாத் தூங்கறப்ப. ஓடியாடினாலும் சொல்லும். நாங்க மாத்திரை குடுத்து மூளையை உசுப்பிவிட்டு, அரை மணிக்கொரு தடவை ரத்தம் எடுப்போம்."

பரிசோதனை நாளன்று நான் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். "பாத்ரூம் போனேன் சித்தப்பா" என்றாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

முடிவு ரொம்பக் குறைவாக வந்தது. அண்ணி முகத்தில் பாதிக் கவலை, காரணம் தெரிந்துவிட்டதே என்று பாதி நிம்மதி.

"எப்படிக் குறையும்? ஆறு மாடி ஓடி ஏறினேனே" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் குண்டூசி.

டாக்டரம்மா திட்டவில்லை, சிரித்துவிட்டார். "அங்கதான் கோட்டை விட்டுட்ட. நீ ஓடினப்பவே மூளை விடச் சொல்லிடுச்சு. ரத்தத்துல நிறைஞ்சதும் 'போதும்'னுடுச்சு. அதுக்கப்புறம் மாத்திரை போய் எழுப்பினா எழுந்திருக்குமா?"

"என்னைக் கேக்காமயே இவ்வளவும் பண்ணுதா?" வாயைப் பிளந்தாள் அவள்.

மறுபடி பரிசோதித்தபோது நான் அவள் கையை விடவே இல்லை. இந்தத் தடவை ஹார்மோன் போதிய அளவு இருந்தது. ஊசி வேண்டாம் என்றதும் நாற்காலியிலிருந்து துள்ளினாள். டாக்டரம்மா அன்று எடுத்திருந்த மணிக்கட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார்.

"எலும்பு வளர்ச்சி மட்டும் வயசுக்குக் கொஞ்சம் பின்னால இருக்கு. இன்னும் ரெண்டு வருஷத்துல தானாவே விறுவிறுன்னு வளந்துடுவா."

"அதை நிறுத்த முடியாதா?"

"உன் மூளை உன் பேச்சைக் கேக்காதும்மா."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு மனசே சரியில்லை. உண்மையைச் சொன்னால், அவள் வளரக் கூடாதென்று நானும்தான் ஆசைப்பட்டேன்.

"சித்தப்பா, அடியில நின்னா மேல நடக்கறது தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. உச்சியில இருக்கறவளுக்குக் கால் நடுங்கினா மட்டும் தோளுக்குத் தெரியும்."

"எனக்கு நடுங்கியிருக்கா?"

"தினமும்."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"சொன்னா உன்னை இறக்கிடுவாங்களே."

அவள் திரும்பி என் தோளைப் பார்த்தாள். பிறகு தன் தோளைத் தானே ஒருமுறை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள்.