வெடி போடுகிற ரசிகன்

தண்டர் கனகு என்று போஸ்டரில் போட்டுக்கொண்ட கனகசபாபதி அண்ணாச்சி முப்பத்து மூன்று வருடம் ராக் பாடினார். அதில் இருபத்தேழு வருடம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தவன் நான். இதில் யாருடைய குற்றம் பெரியது என்று என் மனைவி இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அண்ணாச்சி சிவகாசியில் பட்டாசு, அச்சகம் இரண்டும் வைத்திருந்த வீட்டின் மூத்த பிள்ளை. தம்பி சண்முகவேல் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் கத்தினார். மதுரையில் கல்லூரி படிக்கும்போது யாரோ ஒரு சீனியர் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறான். அந்த சீனியரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன், நல்ல எண்ணத்தோடு அல்ல. அண்ணாச்சி படிப்பை முடிக்காமல் தோள்வரை வளர்த்த தலைமுடியோடு ஊர் திரும்பினார். எங்கள் குழுவுக்கு 'பிளாக் பவுடர்' என்று பெயர் வைத்தார். கிதாருக்கு இராமகிருஷ்ணன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்த ஆள், கிதாரையும் அப்படித்தான் வாசிப்பான். டிரம்ஸுக்கு ஊர்க்காவலன், அதாவது நான். அண்ணாச்சி வீட்டு அச்சகத்தில் பட்டாசு லேபிள் வெட்டும் மிஷினில் வேலை. நாள் பூராவும் டக் டக் என்று ஒரே தாளத்தில் வெட்டுகிறவனுக்கு டிரம்ஸ் தானாக வரும் என்று அண்ணாச்சி நம்பினார். வரவில்லை. அவர் கவனிக்கவில்லை.

மேடைக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார். தோல் வீட்டுக்கு ஆகாது என்று அவர் அம்மா சொல்லிவிட்டதால் ரெக்சின். சாத்தூரில் பஸ் சீட்டுக்கு உறை தைக்கிற டெய்லர் தைத்துக் கொடுத்தது. எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி நான்கு பாட்டுப் பாடி இறங்கினால், ஒரு சொம்பு வியர்வையை முதுகிலிருந்து பிழிந்து எடுக்கலாம். எண்பத்து நான்கில் ஒரு காசெட்டும் போட்டார். ஐந்நூறு பிரதி. விற்காமல் கிடந்தவற்றில் அவர் மாமியார் பக்திப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டார். முதலில் முருகன் வருவார். இரண்டு பாட்டுக்கு இடையில் அரை நிமிடம் அண்ணாச்சி அலறுவார். மறுபடி முருகன் வந்துவிடுவார்.

எல்லாப் பாட்டும் அவரே எழுதிய இங்கிலீஷ். 'கெரசின் லேடி' என்ற பாட்டுதான் உச்சம். அதன் கடைசியில் ஒரு கத்தல் வரும். பன்னிரண்டு விநாடி, மூச்சு விடாமல், அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறும். "எனக்கு மைக்கே வேண்டாம்லே" என்பார். நான் இகழ வந்தவன்தான், பொய் சொல்ல வந்தவனில்லை. அந்தக் கத்தல் உண்மையாகவே பெரிய சங்கதி. ஒருமுறை அச்சங்குளம் அம்மன் கொடைத் திருவிழாவில் அவர் அந்தக் கத்தலைப் போட, முன்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து மேடையேறி வந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கையில் வேப்பிலையைக் கொடுத்து, "சாமி, எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்?" என்று கேட்டாள். அண்ணாச்சி அசரவில்லை. "தையில" என்றார். அப்படியே நடந்ததாம். அவர் வாழ்க்கையில் ஜனங்களுக்குப் பயன்பட்ட ஒரே பாட்டு அதுதான் என்று நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம்.

தொண்ணூற்று ஐந்தில், ஆனைக்குட்டம் கோயில் பொங்கலில், கத்தல் செத்தது. வாய் திறந்தது, நரம்பு புடைத்தது, வெளியே வந்தது சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கிய சத்தம். சனம் சிரித்தது. அண்ணாச்சி மைக்கைத் தட்டிப் பார்த்து, மைக்செட்டுக்காரனைத் திட்டினார். வேன் ஏறுகிறபோது, "நல்லாத்தான வந்துச்சு?" என்று என்னிடம் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து யாராவது உண்மையைச் சொல்லியிருக்க முடியும் என்றால், அவர்களை நான் மதிக்கிறேன், வீட்டுக்குக் கூப்பிட மாட்டேன்.

அடுத்த கச்சேரியிலிருந்து நான் ஒரு ஏற்பாடு செய்தேன். டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துபோய் வெடி கொளுத்த முடியாது. ஆனால் ஊதுபத்திக்கு ஆள் வேண்டாம். ஒரு பத்தியை அளந்து வெட்டி, அணுகுண்டு வெடியின் திரியில் கட்டி, மேடைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் செருகிக் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவேன். பதினெட்டு நிமிடத்துக்கு இத்தனை விரற்கடை, காற்றடித்தால் அரை விரல் கூட. லேபிள் வெட்டுகிறவனுக்கு அளவு பிசகுமா? கெரசின் லேடி முடிகிற இடத்தில் அண்ணாச்சி வாயைத் திறப்பார், பின்னால் 'டமார்'. கத்தல் வந்ததா வரவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. எங்கள் பக்கம் பெரிய மனிதர் வந்தால் வெடி, மாப்பிள்ளை இறங்கினால் வெடி, சாமி புறப்பட்டால் வெடி. மரியாதை என்றாலே வெடிதான். அண்ணாச்சி மேடையிலிருந்து குதித்து இருட்டுக்குள் ஓடினார். மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ஏலே ஊர்க்காவலா, எவனோ எனக்கு வெடி போட்டுருக்காம்லே! யாருன்னு தெரியல, ஓடிட்டான். கூச்சப்படுறான் போல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு பதினோரு வருடம் எல்லா ஊரிலும் அந்த ரசிகன் வந்தான். அண்ணாச்சி கடைசியில் மைக்கைப் பிடித்து, "எங்கனயோ நின்னு வெடி போடுற அந்தத் தம்பிக்கு நன்றி" என்று சொல்ல ஆரம்பித்தார். தன் முப்பது வருட உழைப்புக்குச் சாட்சியாக அந்த ஒருவனைத்தான் வைத்திருந்தார். அவன் கூச்ச சுபாவத்தைப் பற்றி என்னிடமே மணிக்கணக்காகப் பேசுவார்.

இரண்டாயிரத்து ஆறில் மதுரை டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, கட்டி இருக்கிறது, அறுக்க வேண்டும், அதற்குப் பிறகு பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி கடைசியாக ஒரு கச்சேரி கேட்டார். கேட்டது தம்பியிடம். சண்முகவேலுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. ஆயுத பூஜை அன்று மத்தியானம், ஆபீஸ் முன்னால் பந்தல், முந்நூறு தொழிலாளர்கள், பொரிகடலை, அதோடு எங்கள் கழுத்தறுப்பு.

"அரை மணி நேரந்தாண்ணே" என்றார் தம்பி. "தீவாளி சீசன். ஏற்கெனவே அலுத்துப்போயிருக்காக."

வாசலில் வாட்ச்மேன் இருளாண்டி எங்கள் பையைத் தடவி, தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். எனக்கு அதில் ஒரு நிம்மதி. பட்டாசுக் கம்பெனியில் வெடி போட முடியாது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக ரசிகனுக்கு லீவு.

மேடைக்குப் பின்னால் அண்ணாச்சி கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பேச்சே கரகரவென்றுதான் வந்தது.

"ஏலே, இன்னைக்கு அவன் வருவானா?"

"எவன்?"

"வெடி போடுறவன். கடைசிக் கச்சேரின்னு போஸ்டர்ல போட்டிருக்கே, பாத்திருப்பாம்லா? வேற ஒண்ணும் வேண்டாம்லே. இன்னைக்கும் வந்துட்டான்னா, நான் பாடினது பாட்டுதான். வரலைன்னா…" என்று கோட்டுப் பட்டனைத் தேடினார். "வரலைன்னா, சும்மா கத்திருக்கேன், அம்புட்டுத்தான்."

நான் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனேன். ரோட்டில் நிறுத்தியிருந்த எங்கள் வேனில் சீட்டுக்கடியில் எப்போதும் ஒரு அணுகுண்டு இருக்கும். எதிர்த்த டீக்கடையில் பத்தியைக் கொளுத்திக்கொண்டு, மதில் ஓரமாக நடந்து, ஓடையைத் தாண்டி, புல் இல்லாத மொட்டைப் பாறையாகத் தேடி வைத்தேன். கம்பெனிக்கு எந்த ஆபத்தும் இல்லை. பாறை, தூரம், காற்று எல்லாம் பார்த்தேன். மனிதர்களை மட்டும் யோசிக்கவில்லை. அந்தப் பூமியில் பிறந்து, பட்டாசு லேபிள் வெட்டிச் சோறு தின்கிற ஒருவன் செய்யக்கூடாத முட்டாள்தனம். நான் செய்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. முன்வரிசையில் வெள்ளைத்தாய் என்று ஒரு அம்மாள், திரி பின்னுகிறவள், கையில் பொரியோடு உட்கார்ந்திருந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் அவள் பக்கத்திலிருந்தவளிடம் சத்தமாகவே கேட்டாள்.

"இவரு மொதலாளிக்கு அண்ணந்தான? சொத்துப் பிரிக்கலையோ, இம்புட்டு அழுவுறாரு?"

பந்தல் சிரித்தது. இரண்டாவது பாட்டில் பாதிப் பேர் பொரியில் கடலை பொறுக்கினார்கள். மூன்றாவதில் ஒரு குழந்தை அழுதது, இராமகிருஷ்ணனின் கிதாரைவிடச் சுருதியாக. அண்ணாச்சி எதையும் பார்க்கவில்லை. கெரசின் லேடிக்கு வந்தார். கடைசி வரி. கால்களை அகட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தார்.

'டமார்.'

பதினோரு வருடத்தில் இவ்வளவு துல்லியமாக அமைந்ததே இல்லை.

ஒரே நொடி. முந்நூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர்கூட அலறவில்லை, அதுதான் பயங்கரம். பட்டாசுக் கம்பெனிக்குள் காரணமில்லாமல் ஒரு சத்தம் கேட்டால் என்ன என்று பார்க்கக்கூடாது, ஓட வேண்டும். அது அவர்கள் காலுக்குத் தெரியும். எலக்ட்ரீஷியன் முதல் வேலையாக மெயினை இறக்கினான். மைக் செத்தது, கிதார் செத்தது. முந்நூறு பேர் வாசலில் இருந்த ஒற்றைக் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். பொரி மிதிபட்டது. "மாரிசெல்வி! ஏ மாரிசெல்வி!" என்று வெள்ளைத்தாய் மகளைத் தேடிக்கொண்டு எதிர்த்திசையில் இழுபட்டாள். கதவில் முட்டல் ஆரம்பித்துவிட்டது. கீழே யாரோ விழுந்தார்கள். என் கையில் குச்சிகள் இருந்தன. நான் உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது வந்தது.

"நில்லுங்க!"

மைக் இல்லை. அந்த 'நி' அடிவயிற்றிலிருந்து கிளம்பி மேலே மேலே ஏறி, மதிலில் மோதித் திரும்பி வந்தது. பந்தல் நின்றது. கதவு நின்றது. வெளியே டீக்கடையில் பாய்லர் பக்கத்திலிருந்தவன்கூட நின்றானாம்.

"உள்ள ஒண்ணும் இல்ல! சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம்! பொகை இல்ல பாருங்க! விழுந்தவுகளத் தூக்குங்க! வாசல்ல நிக்கிறவுக ரெண்டடி பின்னால வாங்க!"

வந்தார்கள். ஒவ்வொரு வார்த்தையும் பன்னிரண்டு விநாடிக் கத்தல். முப்பத்து மூன்று வருடத்தில் அண்ணாச்சி மேடையில் கத்தின ஒரு சொல்லாவது சனத்துக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். விழுந்தவளுக்கு முழங்கை சிராய்ப்பு, வேறொருவருக்கு வளையல் உடைந்து கீறல், அவ்வளவுதான். வெள்ளைத்தாய் மகளைப் பிடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"இம்புட்டுத் தொண்டைய வச்சுக்கிட்டு இத்தன வருசமா இங்கிலீசுலயா வீணாக்கினீக?" என்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்றாள்.

இருளாண்டி ஓடைக்குப் போய், கிழிந்த வெடித்தாளும் பத்திக் குச்சியும் கொண்டுவந்தார். சண்முகவேலின் முகம் வெளுத்திருந்தது.

"யாரு போட்டது? வாட்ச்மேன், நீரு என்ன பண்ணிக்கிட்டிருந்தீரு? இன்னைக்கே வேலைய விட்டுப் போயிரும். போலீசக் கூப்பிடுறேன்."

"தம்பி" என்றார் அண்ணாச்சி. குரலே இல்லை, வெறும் காற்று. "அவர ஒண்ணும் சொல்லாத. என் ரசிகன் போட்டது. அவனத் தேடாத. நான்தான் போடச் சொன்னேன்னு எழுதிக்கோ."

நான் குச்சிகளைக் கீழே வைத்தேன்.

"நான்தான் மொதலாளி வச்சேன்" என்றேன். "எல்லா ஊர்லயும் நான்தான்."

சண்முகவேல் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. அச்சகத்து வேலை அன்றோடு போனது. போலீஸைக் கூப்பிடவில்லை. அண்ணனுக்காகத்தான். இருளாண்டி என் தீப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது தரையில் துப்பினார். அதிலும் தப்பில்லை.

வேன் கிளம்பியது. இராமகிருஷ்ணன் பின்சீட்டில் தூங்குவதுபோல் நடித்தான், அவன் வாசிப்பைப் போலவே மோசமாக. சாத்தூர் ரோடு வந்ததும் அண்ணாச்சி ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்.

"ராஜபாளையத்துல?"

"நான்தான், அண்ணாச்சி."

"அருப்புக்கோட்டைல மழை பெஞ்சுச்சே?"

"அன்னைக்குப் பத்தி மேல ஒரு கூரை ஓட்டக் கவுத்தி வச்சிருந்தேன்."

"என் தொண்டை போனது உனக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும்."

"பெறகு எதுக்குலே?"

இருபத்தேழு வருடமாக இவரைப் பற்றி ஊரெல்லாம் நக்கலடித்தவன் நான். அன்றைக்கு ரோட்டைப் பார்த்தேன். வெளியே தீப்பெட்டிக் கம்பெனிகள் போய்க்கொண்டிருந்தன.

"பதினோரு வருசம்" என்றார் அவர். "ஒரு கச்சேரிக்காவது அவன் வராம இருந்திருக்கானா?"

"இல்ல, அண்ணாச்சி."

தலையை ஆட்டிக்கொண்டார். கணக்கு சரியாக இருப்பதுபோல. கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டார். அண்டாவில் ஊறப்போட்டதை எடுத்ததுபோலக் கனத்தது.

"ரசிகனுக்கு" என்றார்.

அதுதான் அவர் கடைசியாக உரக்கப் பேச முயன்றது. ஆபரேஷனுக்குப் பிறகு கிசுகிசுப்புதான். நாட்டுக்கு நல்லது. கோட்டு என் வீட்டில் ஆணியில் தொங்குகிறது. கழுவியும் நாற்றம் போகவில்லை. என் ஸ்கூட்டர் சீட்டு கிழிந்து பஞ்சு பிதுங்கி இரண்டு வருடமாகிறது. ரெக்சின் நல்ல ரெக்சின், வெட்டித் தைத்தால் கச்சிதமாக இருக்கும் என்று மனைவி தினமும் சொல்கிறாள். நான் அந்தக் கிழிந்த சீட்டிலேயே போய்வருகிறேன்.