தேதி சொல்லாத அழைப்பு

வரிசையில் ஒன்பதாவதாக நின்றுகொண்டிருந்தவள் என் மகள்.

நான் மஞ்சள் சீட்டும் பென்சிலுமாக ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தேன். பெயரை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிவிட்டால், கையெழுத்துப் போடும்போது ரோலண்ட் யாரிடமும் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை. ஒருவரின் பெயர் காதில் சரியாக விழவில்லை என்று காட்டிக்கொள்வது என் கணவருக்குப் பிடிக்காது. ஆங்கிலேயரின் பேச்சு, பழக்கவழக்கம், தேநீர், மன்னிப்பு என்று அவர் எழுதிய பதினோரு புத்தகங்களுக்கும் இது என் வேலை. லட்லோவில் மிஸஸ் ப்ராபர்ட்டின் புத்தகக் கடையில் அக்டோபர் சனிக்கிழமை என்றால் நல்ல கூட்டம் வரும். வந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்துமஸ் பரிசுக்காக வாங்குகிறவர்கள். எட்டாவதாக நின்ற அம்மாள், “என் நாத்தனாருக்கு. அவளுக்குத்தான் இது ரொம்ப அவசியம்,” என்று கண்ணடித்தார். சிரித்துக்கொண்டே எழுதிவிட்டு நிமிர்ந்தேன். ஹெஸ்டர்.

பத்து மாதமாக நான் பார்க்காத முகம். ஜூனுக்குப் பிறகு அவள் தொலைபேசியையும் எடுப்பதில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானும் ரோலண்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம். கன்னம் ஒட்டியிருந்தது. முடியை வெட்டியிருந்தாள்.

“எழுதும்மா,” என்றாள். “ஹெஸ்டருக்கு.”

எழுதினேன். சீட்டை அவள் புத்தகத்தில் செருகினேன். பிறகு பத்தாவது ஆளிடம் போய், “உங்க பேரு?” என்று கேட்டேன். அன்று செய்ததில் இதைத்தான் இன்னும் என்னால் எனக்கே விளக்க முடியவில்லை. பின்னால் பதினைந்து பேர் காத்திருந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அவள் எந்தப் பக்கத்துக்காக வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இந்தப் புதுப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நான்தான் தட்டச்சு செய்தேன். ‘ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் தயவுசெய்து பெட்டியைக் கட்டாதீர்கள். தேதி சொன்னால்தான் அது அழைப்பு. தேதி இல்லாவிட்டால் வெறும் அன்பு. என் மகளே போன வசந்தத்தில் எங்களை அப்படித்தான் அழைத்தாள். மனமார நன்றி சொல்லிவிட்டு நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். இரு தரப்பிலும் சேதம் எதுவும் இல்லை.’ தட்டச்சு செய்யும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அது மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கணவன் ஓவனோடு அவள் குடியிருக்கும் ஷெஃபீல்டிலிருந்து பேசினாள். மழை, என் முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் பேசி முடித்து, வைக்கும் நேரத்தில், “நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவ வந்துட்டுப் போகணும்மா,” என்றாள். வைத்துவிட்டு ரோலண்டிடம் போனேன்.

“அவ குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. போய்ப் பாத்துட்டு வரலாமா?” என்றேன்.

“தேதி சொன்னாளா?” என்றார் ரோலண்ட்.

“இல்ல.”

“அப்புறமென்ன? திடுதிப்புனு போய் வாசல்ல நின்னா பாவம், அவளுக்குத்தான் சங்கடம்.”

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவளுக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் அவள் கட்டிலுக்கு அருகில் தரையில் படுத்திருந்தவர். அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்றுதான் அவர் நினைத்தார். எனக்கும் தோட்டத்தில் பட்டாணி விதைக்கிற வேலை இருந்தது.

வரிசை நகர்ந்தது. நாத்தனாருக்கு வாங்கிய அம்மாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஹெஸ்டர் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். ரோலண்ட் சீட்டைப் பார்த்து, ‘ஹெஸ்டருக்கு, அன்பான வாழ்த்துகளுடன்’ என்று எல்லோருக்கும் எழுதுவதைப் போலவே எழுதி முடித்துவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினார்.

“அடடே!” என்றார். “வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. உங்கம்மா கேக்காவது செஞ்சிருப்பா.”

“அழைக்காம வந்துட்டேன். மன்னிச்சுக்குங்க.”

சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் பென்சிலைப் பிடித்தபடி மேசைக்கு வந்துவிட்டேன்.

ஹெஸ்டர் குரலை உயர்த்தவில்லை. குனிந்து அவரிடம் மட்டும் பேசினாள். “மார்ச்சுல நான் பேசினேன்ல, அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் எனக்குக் குழந்தை போச்சு. அஞ்சு மாசம்.”

அவள் உண்டாகியிருந்ததே எங்களுக்குத் தெரியாது.

“நீ சொல்லவே இல்லையேம்மா,” என்றார் ரோலண்ட். அவர் குரல் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

“ஆறாவது மாசம் நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் போன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஓவன் வேலைக்குப் போயிட்டான், நான் மட்டும் வீட்டுல. நீங்க வந்தா சொல்லிடலாம்னு நினைச்சேன்.” புத்தகத்தின் அட்டையைத் தொட்டாள். “தேதி சொல்லலதான். எந்தத் தேதின்னாலும் சரின்னுதாம்பா இருந்தேன்.”

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் சமையல் புத்தக அலமாரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது ஆள், மழைச்சட்டை போட்ட பெரியவர், “எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க,” என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரோலண்டின் கண் ஒரு கணம் அந்த வரிசையின் மேல் போய் வந்தது. ஒரே ஒரு கணம்தான். “இதை நாம அப்புறமா, சாவகாசமா உக்காந்து பேசலாம்டா,” என்றார்.

“அப்புறம்னா எப்ப? தேதி சொல்லுங்க.”

அவர் மஞ்சள் சீட்டை எடுத்து இரண்டாக மடித்தார். அவள் புத்தகத்தை எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனாள். கதவு மணி அடித்து ஓய்ந்தது. ரோலண்ட் பெரியவரின் புத்தகத்தை வாங்கித் திறந்தார். அவருடைய பேனா தாளின்மேல் அப்படியே நின்றது.

“ஹிலரி, இன்னும் ஆறு பேருக்குப் பேர் எழுதணும்,” என்று மிஸஸ் ப்ராபர்ட் மெதுவாக நினைவூட்டினார்.

“நீங்களே கேட்டுக்குங்க,” என்றேன்.

எதிர்ப்பக்கம் இரும்பு வேலிக்கு அருகே அவளுடைய கார் நின்றது. மழை தொடங்கியிருந்தது. என் மேல்கோட்டு கடையிலேயே தொங்கியது. நான் கதவைத் தட்டவில்லை, திறந்தேன். இருக்கையில் ரொட்டிப் பொட்டலமும் ஒரு சால்வையும் கிடந்தன. அவற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் யாருடைய காரிலும் இப்படி ஏறியதில்லை.

“அம்மா, நான் வீட்டுக்குப் போறேன். மூணு மணி நேரமாகும்.”

“தெரியும்.”

“மாத்துத் துணிகூட இல்ல உன்கிட்ட.”

“இல்லதான்.”

“நான் உன்ன வான்னு சொல்லல.” அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சொல்லலம்மா.”

“நீ சொல்லல,” என்றேன்.

அவள் சாவியைத் திருகவில்லை. இறங்கு என்றும் சொல்லவில்லை. எங்கள் இருவர் மூச்சிலும் கண்ணாடி ஓரங்களிலிருந்து பனிக்கத் தொடங்கியது. நடுவில் மிச்சமிருந்த வட்டத்துக்குள் கடைக்கதவு திறப்பது தெரிந்தது. ரோலண்ட், கோட்டு இல்லாமல், பேனாவும் கையுமாக நடைபாதை விளிம்புக்கு வந்தார். ஒரு கார் அவர் கடந்து வரட்டும் என்று நின்று விளக்கைச் சிமிட்டியது. அவர் தலையைத் தாழ்த்தி, ‘நீங்க போங்க’ என்று கை காட்டினார். அடுத்த காரும் நின்றது. அதற்கும் கை காட்டினார். அதற்கடுத்ததற்கும். மழை அவர் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது.