கூரையில் நான்கு துளைகள்

செல்லபாய் நாற்காலியில் ஏறி நின்று, காரின் கூரையிலிருந்த கடைசித் துளையில் உருக்கிய மெழுகை ஊற்றினாள். கிறிஸ்துமஸுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுவர்த்தி. விளக்குக் கரியைக் குழைத்துச் சேர்த்திருந்தாள். காரும் கறுப்பு, மெழுகும் கறுப்பு. தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

"இனி ஒரு சொட்டு மழவெள்ளம் உள்ள எறங்காது. பேடிக்காம போங்க."

உதியன்குளங்கரையில் ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. அவள் கவலையெல்லாம் மழையைப் பற்றித்தான்.

கார் அவள் புருஷன் ஞானையனுடையது அல்ல. திருவனந்தபுரத்து வண்டிக் கம்பெனியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்து வாடகைக்கு ஓட்டினான். இன்றோடு கெடு முடிகிறது. எடுத்த கோலத்திலேயே திருப்பி விடவேண்டும் என்பது எழுத்து. எடுத்தபோது கூரையில் துளை இல்லை. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊர் ஊராக முழங்கக் கிளம்பிய செல்லபாயின் தம்பி சத்தியதாஸ், கயிற்றில் கட்டிய ஒலிபெருக்கி சாய்கிறது என்று சொல்லி, ஒர்க்‌ஷாப் ராபின்சனைக் கொண்டு கூரையில் நான்கு துளையிட்டு போல்ட் முடுக்கிவிட்டான். "ரெண்டு நாளத்த காரியம் அத்தான்" என்றான். பெண்டாட்டியின் தம்பியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பிழைத்தவன் யார்?

புதுக்கடையில் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி இன்று பதினேழாம் நாள். துளைகளை அடைத்துத் தரவேண்டிய ராபின்சன் அன்றே கடையைப் பூட்டிவிட்டு ஓடினான். ஒலிபெருக்கி வைத்த கறுப்புக் காரைப் போலீஸ் தேடுகிறது. நம்பரில் சேறு பூசியிருந்ததால் எந்தக் கார் என்று இன்னும் தெரியவில்லை. ஒலிபெருக்கியைக் கழற்றியபின் கூரைத் துளைகள்தான் மிஞ்சிய அடையாளம். சத்தியதாஸ் பெருங்கடவிளையில் சித்தி வீட்டு மச்சில், காய்ந்த மரச்சீனிக் கிழங்குகளுக்கிடையே படுத்திருக்கிறான். அது இவர்கள் இருவருக்கும் தெரியும்.

"பிடிச்சு அடிச்சா நான் சொல்லிருவேன், செல்லபாயி. எனக்க ஒடம்ப எனக்குத் தெரியும்" என்றான் ஞானையன்.

அவள் கரிபடிந்த கையை முந்தானையில் துடைத்தாள். "சும்மா இரியுங்க. கர்த்தர் உண்டு."

நெய்யாற்றின்கரையில் போலீஸ்காரன் மறித்தான். டிக்கியைத் திறக்கச் சொன்னான், சீட்டுக்கடியில் லத்தியை விட்டுத் துழாவினான். கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டே, "போ" என்றான். ஞானையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாலராமபுரம் தாண்டியதும் மழை ஓய்ந்தது. திருவனந்தபுரத்தை அடைந்தபோது வானத்தில் ஒரு துண்டு மேகமில்லை. அவன் சந்தோஷப்பட்டான்.

கம்பெனி முற்றத்தில் பலாமர நிழலை வேறு இரண்டு வண்டிகள் பிடித்திருந்தன. "வெயிலத்து இட்டோ" என்று காவல்காரன் திறந்தவெளியைக் காட்டினான். வண்டியைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் கிருஷ்ணன்குட்டி வெளியே போயிருந்தார். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டாயிற்று. ஞானையன் தற்செயலாகக் கூரைமேல் கைவைத்தான். தோசைக்கல் போலச் சுட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெழுகைத் தொட்டுப் பார்த்தான். விரல் உள்ளே போயிற்று.

நிழலுக்கு மாற்றிவிடலாமென்று சாவியைத் தேடினான். சாவி காவல்காரனிடம் இருந்தது. காவல்காரனோடு கிருஷ்ணன்குட்டி வந்துகொண்டிருந்தார்.

நல்ல மனிதர். சிரித்த முகம். டயரைத் தட்டினார், கதவுகளைத் திறந்து மூடினார். "கொள்ளாம் ஞானையா, வண்டி நல்லபோலே நோக்கியிட்டுண்டல்லோ" என்று மெச்சியவர், மெத்தையைப் பார்க்கப் பின்சீட்டில் ஏறி அமர்ந்து, மடியில் காகிதத்தை விரித்துக் குறிக்கத் தொடங்கினார்.

அவர் காலடியில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. குனிந்து எழுதிக்கொண்டிருந்த அவர் கவனிக்கவில்லை. உச்சி வெயில். உள்கூரைத் துணியின் ஓட்டைகள் வழியே புளியங்கொட்டை அளவில் ஒரு வெளிச்சம் அவர் வெள்ளைச் சட்டையின் தோளில் விழுந்தது. அடுத்து இரண்டு. நான்காவது, காகிதத்தில்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள்ளாகவே பெருங்கடவிளை என்ற பெயர் ஞானையனின் நாக்கு நுனியில் வந்து நின்றது. உதட்டை இறுகக் கடித்துக்கொண்டான்.

பேனா வரியின் நடுவே நகர்ந்து, அந்த வெளிச்சப் பொட்டை எட்டியதும் நின்றது.