தேக்கும் ஈட்டியும் பாலத்தில் உட்கார்ந்த நாள்

மேல்கரை, கீழ்கரை என்ற இரண்டு நாடுகளில் எது அந்த வருஷம் அதிக மதிப்புக்கு வைரம் பாய்ந்த மரம் ஏற்றுமதி செய்தது என்பதை மரங்களே சொல்லிவிடும். நடுவிலுள்ள ஆற்றுப் பாலத்தில் மேல்கரைக்காக ஒரு தேக்குக் கட்டையும் கீழ்கரைக்காக ஒரு ஈட்டி மரக் கட்டையும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்காரும். தன் மதிப்பைத் தானே சொல்வது மரியாதையில்லை பாருங்கள், அதனால் ஒன்று மற்றதன் மதிப்பைச் சொல்லும். ஒப்பீட்டு அதிகாரி எழுதிக்கொள்வார். முடிவு எழுதும் வரை பாலத்தின் இரண்டு கேட்டும் பூட்டியிருக்கும்.

இந்த வருஷ அதிகாரி ஐயாத்துரை. ஒன்பது வருஷ சர்வீஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தன் மேல் நம்பிக்கையும் ஒரு படி கூடத்தான். அன்று காலை கீழ்கரை ஆஸ்பத்திரியில் அவன் மனைவி செவ்வந்திக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். குழந்தை பிறக்கும்போது பக்கத்தில் இருப்பதாகச் சத்தியம் செய்திருந்தான். "பத்து நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் பாலத்துக்கு வந்தான்.

தேக்கு தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஈட்டி அண்ணாச்சி ஏற்றுமதி நானூறு கோடிக்குக் குறையாது."

"அது உங்க பெரிய மனசு," என்றது ஈட்டி. "உங்களது ஐந்நூறு இருக்கும்."

"எனக்கு ஐந்நூறா? அப்போ அவங்களுக்கு அறுநூறுன்னு எழுதுங்க சார்."

பந்தியில் போதும் போதும் என்பவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி விழுமே, அப்படி ஏறிக்கொண்டே போனது. மத்தியானத்துக்குள், இரண்டு நாட்டு மரத்தையும் வேரோடு விற்றாலும் வராத தொகை. ஐயாத்துரை அடித்து அடித்து எழுதினான். படிவத்தில் இடம் தீர்ந்து முழங்கையில் எழுதினான். செவ்வந்தியை நினைத்து நினைத்துக் கீழ்கரைக் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் தன்னால் முடியாது என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

பேனாவை மூடினான். "அண்ணாச்சி, உங்க வீட்டுல கல்யாண வயசுல கன்று ஏதும் இருக்கா?" என்று தேக்கிடம் கேட்டான்.

"ஒண்ணு இருக்கு. நல்ல நிமிர்ந்த பையன்."

ஈட்டி தானாகவே சொன்னது. "எங்களுக்கும் ஒரு பொண்ணு நாத்தங்கால்ல நிக்குது."

கேட் காவலாளி தவசி தன் சாப்பாட்டுத் தட்டையும் அதன் மூடியையும் கழுவிக் கொண்டுவந்தான். மடியிலிருந்த வெற்றிலையை இரண்டிலும் பங்கிட்டு வைத்தான். தேக்கும் ஈட்டியும் தட்டு மாற்றிக்கொண்டன.

"இனி நீங்க சம்பந்திங்க," என்றான் ஐயாத்துரை. "சம்பந்திக்குள்ள யாரு ஒசத்தி, யாரு மட்டம்னு பேசலாமா?"

"பேசினா ஊர் சிரிக்கும்," என்றது தேக்கு.

"உறவு அந்து போயிரும்," என்றது ஈட்டி.

முடிவு என்ற கட்டத்தில் 'சம்பந்திகள்' என்று எழுதி முத்திரை குத்தினான். தவசி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, கீழ்கரைப் பக்கத்துக் கேட்டைத் திறந்தான்.

வெளியே ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். செவ்வந்தியின் மூக்கு, ஐயாத்துரையின் காது.

"என்னப்பா இவ்வளவு நேரம்?" என்றாள். "அம்மாவுக்கு வலி அதிகமாயிருச்சு. நான் போகாம டாக்டரம்மா என்ன பண்ணுவாங்க?"

"செருப்பு எங்கம்மா?"

"இன்னும் நீ வாங்கித் தரலையே."

தார் ரோடு கொதித்தது. ஐயாத்துரை மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று எட்டி நடை போட்டான்.