மடிக்கணினிக்கு அடியில் ஐந்து பிரதிகள்

குகனின் நாவலுக்கு இணையப் பேட்டி என்று கேள்விப்பட்டதும் சத்தியசீலன் வாழ்த்துச் சொன்னான். அதற்கு முன் குளியலறைக்குள் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தான். வயிறு எரிந்தது. மாத்திரை போட்டும் கேட்கவில்லை.

கலும்பாங்கில் ரப்பர் தோட்டத்துக்குள் இருந்த குகன் வீட்டில் இணைய லைன் சரியாக எடுக்காது. உலு யாமில் சத்தியசீலன் வீட்டில் நல்ல லைன் இருந்தது, பின்னணிக்குப் புத்தக அலமாரியும் இருந்தது. பேட்டிதான் இல்லை. அவனுடைய சிறுகதைத் தொகுப்பு வெளிவந்து மூன்று வருடம் ஆகிறது. விற்காத பிரதிகள் கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாகத் தூங்கின. அதைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை, திட்டுவதற்குக்கூட. யாராவது ஒருவர் நாலு பேர் முன்னால் அதன் பெயரைச் சொன்னால் போதும், செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தான்.

"என் வீட்டுக்கு வந்துரு தம்பி," என்றான். குகன் உட்காரப்போகும் நாற்காலிக்குப் பின்னால், காதுக்கு நேராக, தன் தொகுப்பை அட்டை தெரிய நிறுத்தியும் வைத்தான்.

சனிக்கிழமை செரண்டா தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து குகன் வந்தான். மடிக்கணினியைத் திறந்ததும் திரையில் அவன் மூக்குத் துவாரமும் மேலே சுற்றும் காற்றாடியும் தெரிந்தன.

"உயரம் பத்தலண்ணே. அடியில எதாச்சும் வைக்கணும். உங்க புக்கு கட்டிலுக்கடியில நெறைய இருக்குல்ல?"

ஐந்து பிரதிகளில் கச்சிதமாக அமைந்தது. அலமாரியில் இருந்த ஆறாவது பிரதியைக் குகனின் தலை மறைத்துக்கொண்டது.

ஒத்திகைக்குச் சத்தியசீலனே பேட்டியாளர் ஆனான். "இந்த நாவல எதுக்கு எழுதுனீங்க?" என்று கேட்டான். "இவ்ளோ பக்கம் எதுக்கு?" என்றும் கேட்டான். குகன் இரண்டுக்கும் நிதானமாக, அழகாகப் பதில் சொன்னான். சத்தியசீலனுக்கு அது பிடிக்கவில்லை.

"சரி. உங்கள எழுதத் தூண்டுனது யாரு?"

"ஒருத்தர் இருக்காருங்க. அவரு பேரு வந்து..."

"பேரே சொல்லாத." யாரோ பெரிய மனிதர், மேடைக்கு மேடை மாலை வாங்குகிறவர், அவருக்கு இன்னொரு விளம்பரம் எதற்கு என்று பட்டது சத்தியசீலனுக்கு. "பேரு சொன்னா கத்துக்குட்டின்னு தெரிஞ்சிரும். 'யாரும் இல்ல, தோட்டந்தான்'னு சொல்லு. எடுப்பா இருக்கும்."

"சொல்லலன்னா மனசு கேக்காதுலா."

"மனசு முக்கியமா, பேட்டி முக்கியமா?"

குகன் தன் குறிப்புத் தாளில் ஒரு வரியை அடித்தான்.

மூன்று மணிக்கு நாற்பத்தொரு பேர் திரையில் கூடினார்கள். "இப்போது எழுத்தாளருக்குப் பொன்னாடை அணிவிக்கப்படும்," என்று அறிவித்தார் பேட்டி எடுக்கும் புனிதவதி டீச்சர். பொன்னாடை முன்கூட்டியே கூரியரில் வந்திருந்தது. அணிவிக்க அறையில் வேறு ஆள் இல்லை. சத்தியசீலன்தான் போர்த்தினான். கழுத்துக்கு மேல் அவன் கேமராவில் விழவில்லை. நாற்பத்தொரு பேரும் அவன் தொப்பையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. குகன் மடிக்கணினிக்கு மேலாகச் சத்தியசீலனைப் பார்த்தான், கெஞ்சுவதுபோல. கூடவே கூடாது என்று தலையை ஆட்டினான் சத்தியசீலன்.

"யாரும் இல்லைங்க டீச்சர். தோட்டந்தான்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரை முழுக்க இதயங்கள் பறந்தன.

பேட்டி முடிந்து குகன் தண்ணீர் குடிக்கப் போனான். மேசையைச் சுத்தம் செய்யும்போது அவனுடைய குறிப்புத் தாள் சத்தியசீலன் கையில் கிடைத்தது. அடித்த வரியை இன்னும் படிக்க முடிந்தது: 'சீலண்ணன். அவரு தொகுப்ப மூணு தடவ படிச்சேன். அதுக்கப்புறந்தான் எழுதவே வந்தேன்.'

சத்தியசீலன் மடிக்கணினியைத் தூக்கினான். மேலே இருந்த பிரதியின் அட்டையில் நான்கு ரப்பர் கால்களும் பதிந்திருந்தன. ஒன்று அவன் பெயரின் மேல்.

"நீங்க சொன்னது சரிதாண்ணே," என்று திரும்பி வந்தான் குகன். "அந்தப் பதிலுக்குத்தான் கைத்தட்டே. அடுத்த வாரம் ஈப்போலேருந்து கூப்புட்டிருக்காங்க."

சத்தியசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "அப்ப இப்பவே ஒரு ஒத்திகை பாத்துருவோம். உங்கள எழுதத் தூண்டுனது யாரு? நல்லா யோசிச்சுச் சொல்லு. பேரு இருந்தா சொல்லலாம், தப்பில்ல."

குகன் யோசிக்கவே இல்லை.

"யாரும் இல்லைங்க. தோட்டந்தான்," என்றான், இம்முறை கண்ணை லேசாக மூடிக்கொண்டு.