மெருகு வேணாம் சுத்தமா

என் அக்கா வீட்டுக்காரர் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பார். சாயங்காலம் புரட்சி செய்வார். புரட்சி நடக்கும் இடம் எங்கள் வீட்டுக் குளியலறை. எதிரொலி அங்கேதான் நன்றாக வருமாம். அத்தான் கிடாரை உலுக்கிக் கத்துவார், நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பேன், பழைய டேப் ரெக்கார்டர் சோப்புத் தட்டில் உட்கார்ந்து பதிவு செய்யும். பங்க் ராக் என்றால் ஒலி கரகரவென்று இருக்க வேண்டும், அதில்தான் உண்மை இருக்கிறது என்பது அத்தானின் சித்தாந்தம்.

கரகரப்புக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. எங்கள் ஆல்பத்தின் ஒன்பது பாட்டும் என் அப்பாவைத் திட்டி எழுதியவை. அத்தான் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் சோற்றைத் தின்றுவிட்டு அவர் குளியலறையிலேயே அவரைக் கிழிகிழியென்று கிழிக்கத் தைரியம் வேண்டும். அத்தானிடம் தைரியம் இல்லை, இரைச்சல் இருந்தது. ஒரு சொல்கூட யாருக்கும் புரியாது.

ஒலிப்பொறியாளருக்கு ஆல்பத்தை அனுப்பும்போது அத்தான் ஒரு வரி எழுதினார்: "மெருகு வேணாம் சுத்தமா." அந்தச் 'சுத்தமா'வை முன்னால் போட்டிருந்தால் பிழைத்திருப்போம். பொறியாளர் நல்ல மனுஷர். மெருகு வேண்டாமாம், சுத்தமாக இருந்தால் போதுமாம் என்று எடுத்துக்கொண்டு, பத்து நாள் உட்கார்ந்து இரைச்சலைத் துடைத்தெடுத்துவிட்டார்.

சிடி அப்பா கையில்தான் முதலில் கிடைத்தது. கூடத்தில் போட்டார். "குழாய்க்குக் காவல் நிற்கும் கிழவா, என் கழுத்தை விடு" என்று அத்தான் கணீரென்று, சுருதி பிசகாமல் பாடினார். அக்கா எழுந்துபோய்த் துணிமணி எடுத்துவைக்கப் பெட்டியைத் தேடினாள்.

ஒன்பதையும் கேட்டு முடித்தார் அப்பா. "அஞ்சாவது பாட்டுல நான் எங்க?"

அந்தப் பாட்டின் நடுவே, "மனுஷன் குளிக்க வேணாமாடா?" என்று அவர் கதவை இடித்ததும் பதிவாகியிருந்தது. ஆல்பத்தில் தன் குரல் வருகிறது என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"சுத்தம் பண்ணிட்டாங்க மாமா."

"என்னையா?"

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் உங்களத் திட்டினது..." என்று இழுத்தார் அத்தான்.

"அது கெடக்கட்டும் மாப்ள. திட்டு வாங்குறவன் திருப்பிக் கத்துனத வெட்டிட்டா எப்படி? உள்ள போங்க. இந்தத் தடவ நிதானமா கத்தறேன்."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டோம். ரெக்கார்டர் ஓடியது. அப்பா கதவை இடித்தார். அத்தானுக்குப் பாட்டு மறந்துபோயிற்று.