மூன்றாம் பந்தியில் விழுந்த எறிகணை

1

இந்தக் கதையை எழுதுகிறவள் பெயர் கௌசலா. புதுக்குடியிருப்பில் டியூசன் ரீச்சர். ‘நான்’ என்று எழுதினால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று தன்னைப் படர்க்கையில் ஒளித்துக்கொண்டு, பெயரையும் ஊரையும் முதல் வரியிலேயே சொல்லிவிட்டாள். அவளுடைய கெட்டித்தனம் அவ்வளவுதான்.

கதை பிறந்தது போனில். சிறுவயதில் கவனம் நிலைக்காத பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் மனச்சிதைவு வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்று அதில் ஒரு கட்டுரை வாசித்தாள். தங்கை சுமித்திராவின் ஒன்பது வயது மகள் லக்சிகா எந்தக் கணக்கையும் பாதியில் விட்டு யன்னலைப் பார்ப்பவள். அண்ணன் யோகநாதனும் சிறுவயதில் அப்படித்தான். இருபது வயதில் அவருக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. [கரு கிடைத்ததென்று கௌசலா சந்தோசப்பட்டாள். வெட்கம் பிறகுதான் வந்தது.]

2

முதல் தொடக்கம்: “எறிகணைச் சத்தத்தில் கருவான அந்தப் பிள்ளை…”

சுமித்திரா வாசித்துவிட்டுச் சொன்னாள்: “இவள் பிறந்தது சண்டை முடிஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு. எந்தச் செல்லின்ர சத்தம் அக்கா இது?”

வன்னியில் கதை எழுதுகிறவர்களுக்கு மூன்றாம் பந்திக்குள் ஒரு எறிகணை விழாவிட்டால் கை உதறும். கௌசலா அதை வெட்டினாள்.

3

முடிவு அ: இருபது வயதில் லக்சிகா சுவரோடு கதைக்கிறாள். [வாசகர் அழுவார். பரிசுகூடக் கிடைக்கும்.]

முடிவு ஆ: லக்சிகா டொக்டர் ஆகிறாள். [சீ.]

‘அ’வை வாசித்த நாளிலிருந்து சுமித்திரா மகளை மாமாவுக்குப் பக்கத்தில் இருக்க விடவில்லை. யோகநாதன் தான் இருக்கும் கதிரையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.

4

அக்காவும் தங்கையும் லக்சிகாவைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: “கவனம் குறைஞ்ச பிள்ளையள் கனபேருக்கு இந்த வருத்தம் வாறேல்லை. மாமாவுக்கு இருக்கிறபடியா கொஞ்சம் கவனமாப் பாப்பம். பக்கத்தில இருந்து தொத்துற வருத்தமும் இல்லை.”

“வருமோ வராதோ, ஒண்டைச் சொல்லுங்கோ,” என்றாள் சுமித்திரா.

“அதை இப்ப ஒருத்தராலும் சொல்லேலாது அம்மா.”

முதலில் காட்டியது கடைசியில் நடந்தே தீரவேண்டும் என்று டியூசனில் கதை எழுதச் சொல்லிக்கொடுப்பவள் கௌசலா. பிள்ளைகள் அப்படி வளர்வதில்லை. இது தெரிய அவளுக்கு ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்த அரைநாள் தேவைப்பட்டது.

5

“சுகமா வாழுறாள் எண்டு எழுதட்டோ?”

“ஒண்டும் எழுதாதேங்கோ அக்கா. எதை எழுதினாலும், நான் அவளை விட்டுட்டு அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பன்.”

அன்று பின்னேரம் லக்சிகாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. முற்றத்தில் மாமாவின் காலடியில் குந்தியிருந்தாள். சுமித்திராவின் முகம் செத்துப்போனது. அந்தியின் பொன் வெளிச்சம் மூவர் மீதும்… [வெட்டு.] சுமித்திரா குசினிக்குள் போனாள். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

இருபது வயதில் லக்சிகா எப்படி இருப்பாள் என்று கேட்கிறீர்கள். கௌசலாவுக்குத் தெரியாது. தெருவில் லக்சிகாவைக் கண்டு கூப்பிட்டும் அவள் திரும்பாவிட்டால், பயந்துவிடாதீர்கள். இன்னொருக்கால் கூப்பிடுங்கள்.